மடிக்கணினியின் மணியோசை: தோற்றமும் ஒடுக்கமும்

கருவிகள் எழுப்பும் ஓசை தேவை பற்றியே தோன்றுகின்றது. தேவை நீங்கிய பின்னரும் அது நின்று நிலவுதல் உண்டு. மடிக்கணினியின் ஒலிகளது வரலாறு இதற்குச் சான்றாகும்.

தொலையச்சுப் பொறியில் ஊழியரை அழைக்க அமைந்த மணி, 1963ஆம் ஆண்டின் ஆஸ்கி குறியீட்டில் 7ஆம் எண்ணாக இடம்பெற்றது. கணினியின் எச்சரிக்கை ஒலிக்கு அதுவே மூதாதை. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி, இயக்கப்பெற்றதும் தன் உறுப்புக்களைச் சோதித்து, குறையின்றேல் ஒருமுறை சிற்றொலி எழுப்பிற்று. திரையே பழுதுறின் எழுத்தாற் கூறல் இயலாது. ஆகவே ஒலியின் வேறுபாட்டால் அது பிழையை உணர்த்திற்று.

பின்னர் இந்நிலை மாறிற்று. 1991இல் ஜிம் ரீக்ஸ் என்பார் மக்கின்டொஷ் கணினிக்கு இனிய சுரக்கூட்டொன்றை அமைத்தார். வின்டோஸ் 95இற்கு இசையறிஞர் பிரையன் ஈனோ சில விநாடி இசையொன்றை ஆக்கியளித்தார். அறிக்கையாயிருந்த ஒலி இவ்வாறு நிறுவனங்களின் விருதொலியாயிற்று.

கணினி மடிமீது ஏறி நூலகத்திற்கும் வகுப்பறைக்கும் சென்ற பின்னர் அவ்விருதொலி பிறர்க்கு இடரானது. 2012இல் வின்டோஸ் 8 தொடக்க ஒலியை இயல்பாகவே அடக்கி வைத்தது. 2016இல் அப்பிள் நிறுவனமும் புதிய மடிக்கணினியில் அதனை நீக்கிற்று. 2020இல் மக்கின்டொஷிலும் 2021இல் வின்டோஸ் 11இலும் ஒலி மீண்டபோது, வேண்டாதார் அணைத்துவிடும் வழியும் அமைப்புப் பகுதியில் உடன் வந்தது.

இவ்வழியின் அருமையைக் கொழும்பு வாழ்வு நன்கு காட்டும். கொட்டாஞ்சேனையில் ஒலிக்கும் கோயில் மணி ஊரார் அனைவரையும் அழைப்பது. வெள்ளவத்தை மாடிவீட்டில் நள்ளிரவிற் படிக்கும் மாணவனின் கணினி அவனொருவனையே அழைப்பது. அதனைக் கேட்போரோ சுவருக்கு அப்பாலும் உளர். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதெனப் பொதுவிதி வகுத்தது. பலரை நோக்கிய ஒலிக்கே வரம்பு உண்டெனின், ஒருவரை நோக்கிய ஒலிக்கு அது எத்துணை வேண்டும்!

எனினும் முற்றும் ஒழித்தலும் முறையன்று. பார்வையற்ற மாணவர்க்குக் கணினி விழித்ததையும் பிழை நேர்ந்ததையும் தெரிவிப்பது அவ்வொலியே. அவர்க்கு அது இன்றும் அறிக்கையாகவே பயன்படுகின்றது. ஆதலின் ஒலியை எழுப்பவும் அடக்கவும் உரிய அதிகாரம், செய்தவனிடமன்றிப் பயன்கொள்வோனிடம் இருத்தல் வேண்டும். அவ்வதிகாரத்தை அயலார் துயில் கெடாவண்ணம் ஆளுதல் கற்றார்க்கு அழகு.