உரிமத்துக்கு முந்திய குரல்கள்

வானொலி கேட்பவரைத் தமிழில் ‘நேயர்’ என்று அழைப்பது வழக்கம். அன்புடையவர் என்று பொருள்படும் இச்சொல்லில் அவர் கேட்பவரா பேசுபவரா என்ற குறிப்பு எதுவும் இல்லை. ஆயினும் இந்திய வானொலி தன் வரலாற்றின் பெரும்பகுதியில் நேயரைப் பெரும்பாலும் எழுத்து வடிவிலேயே தன் வாசலுக்குள் அனுமதித்தது. 1956இல் யுனெஸ்கோவின் துணையோடு புனே வானொலி நிலையம் 5 மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் நடத்திப் பார்த்த பண்ணை வானொலி மன்றங்கள் இதற்குத் தெளிவான சான்றாகும். உழவர்கள் குழுவாகக் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, தங்கள் ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்ப, அவற்றுக்கான விடை அடுத்தடுத்த ஒலிபரப்புகளில் வந்தது. உழவரின் கேள்வி பெரும்பாலும் அறிவிப்பாளரின் குரலிலேயே காற்றில் ஏறியது.

இதற்குக் கருவியும் சட்டமும் சேர்ந்தே காரணமாயின. நாடாவில் ஒலியைப் பதியும் அக்காலக் கருவிகள் கனமும் விலையும் மிக்கவையாதலால் நிலையத்தாரைத் தவிர வேறெவர் கைக்கும் எளிதில் எட்டவில்லை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தி, 1980களில் அது இந்தியச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் வரை பரவிய பிறகே அத்தடை நீங்கியது. ஆனால் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் ஒலிபரப்பை அரசின் தனியுரிமையாக வைத்திருந்ததால், பதிந்த குரலை ஒலிபரப்புவதற்கு வழி இல்லை. கிரிக்கெட் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை தொடர்பாக வங்காளக் கிரிக்கெட் சங்கம் பங்கேற்ற வழக்கில், நீதிபதி பி. பி. சாவந்த் உள்ளிட்ட உச்ச நீதிமன்ற அமர்வு 1995 பிப்ரவரியில் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. விளையாட்டு ஒளிபரப்பைப் பற்றிய பூசலிலிருந்து சிற்றூர் வானொலிக்கான சட்ட அடிப்படை பிறந்தது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

தீர்ப்பு வந்தும் கதவு உடனே திறக்கவில்லை. அந்த இடைக்காலத்தில்தான் இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாபூர் வட்டாரத்தில் குறிப்பிடத்தக்க ஒரு முயற்சி வேர்விட்டது. முன்னர் தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்த பி. வி. சதீஷ் முதலியோர் 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கம், அப்பகுதியின் தலித் பெண்களை ஊர்தோறும் ‘சங்கம்’ என்ற குழுக்களாக ஒன்றிணைத்திருந்தது. யுனெஸ்கோவின் உதவியுடன் 1990களின் இறுதியில் மச்சனூர் என்ற ஊரில் ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. அப்பெண்கள் அதற்காகக் காத்திராமல், சிறுதானிய விதைகளைச் சாம்பலிட்டுக் காக்கும் முறை, கலப்புப் பயிர், கை வைத்தியம், நடவுப் பாட்டு ஆகியவற்றைத் தங்கள் தெலுங்கு வட்டார வழக்கிலேயே பதிந்து, அந்த நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். காற்றில் பரப்பாமல் ஒரு குழுவின் நடுவே ஒலிக்கச் செய்யும் இம்முறை குறுபரப்பு எனப்படும். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. அலைவரிசை இல்லாத இக்காலத்தை ஆயத்தக் காலமாகக் கொள்வது பொருந்தாது. எதைப் பதிவது, எதை வெட்டுவது, எதை மறுபடி போடுவது என்று கேட்பவர்களே முடிவு செய்த அந்த நிலை, பிற்கால உரிமம் பெற்ற நிலையங்கள் பலவற்றிலும் அரிதாகவே காணப்படுகிறது. இதே பெண்கள் படக்கருவியையும் கையாண்டபோது, மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் காட்சிக்கு நிலக்கிழாரின் பார்வை என்ற பொருளில் ‘பட்டேல் ஷாட்’ என்றும், கண்ணுக்கு நேராக எடுப்பதற்குச் ‘சங்கம் ஷாட்’ என்றும் பெயரிட்டது, யார் யாரைப் பதிவு செய்கிறார் என்பதில் அவர்களுக்கிருந்த தெளிவைக் காட்டுகிறது.

இதே இடைக்காலத்தில் பிறர் வேறு வழிகளைத் தேடினர். கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில் ‘நம்ம தொனி’ என்ற நிலையம், ஊராரின் பதிவுகளைத் தொலைக்காட்சிக் கேபிள் கம்பி வழியே வீடுகளுக்கு அனுப்பி, அலைவரிசை உரிமத்துக்கான தேவையைத் தவிர்த்தது. கர்நூல் மாவட்டம் ஓர்வகல்லில் 2002இல் உரிமமின்றித் தொடங்கிய ‘மன ரேடியோ’ சில மாதங்களிலேயே அதிகாரிகளால் மூடப்பட்டது.

2002 இறுதியில் அரசு, கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இசைவளித்ததன் விளைவாக, 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பண்பலை நிலையம் நாட்டின் முதல் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. 2006 நவம்பரில் வந்த புதிய கொள்கை தன்னார்வ அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்று விதித்ததால், நேயரின் பதிவு சலுகை என்ற நிலை மாறிக் கடமையாயிற்று. 2008 அக்டோபர் 15 அன்று மச்சனூரின் ‘சங்கம் ரேடியோ’, 1995 தீர்ப்பை வழங்கிய சாவந்தின் கையாலேயே தொடங்கிவைக்கப்பட்டது. ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரு பெண்கள் நடத்திய அந்நிலையத்தின் நாடாக் குவியலுக்கு அப்போதுதான் அலைவரிசை வாய்த்தது.

ஆயினும் செய்தி ஒலிபரப்பத் தடை நீடித்தது. சாலை, கூலி, பங்கீட்டுக் கடை ஆகியவை பற்றிய முறையீடு செய்தியா, நிகழ்ச்சியா என்ற எல்லைக்கோடு தெளிவற்றதாகவே இருந்தது. பிபிசியில் பணியாற்றிய சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ இந்தச் சிக்கலைத் தொலைபேசியைக் கொண்டு கடந்தது. சத்தீஸ்கர்ப் பழங்குடியினர் ஓர் எண்ணை அழைத்து, 1ஐ அழுத்தித் தம் குரலைப் பதியவும் 2ஐ அழுத்திப் பிறர் பதிந்ததைக் கேட்கவும் இயன்றது. பதிவுகளைச் சரிபார்த்து வெளியிட மட்டுறுத்துநர் என்ற இடையாள் அமர்ந்தார். பஸ்தாபூரில் கேட்பவர்களிடமே இருந்த கத்தரி இவ்வாறு மீண்டும் வேறொருவர் கைக்குச் சென்றது. பொய்யும் வசையும் பரவாமல் காக்க அது தேவைப்பட்டது என்றாலும், அந்த மாற்றம் சிறியதன்று. பின்னர் அதே அமைப்பு, வந்த பதிவுகளைத் தொகுத்து, புளூடூத் என்பதன் ஊர்ப்பேச்சு வடிவமாகிய ‘புல்ட்டூ’ என்ற பெயரில், கைபேசியிலிருந்து கைபேசிக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. முன்பு சங்கக் கூட்டத்தில் ஒலிநாடா சுழன்றது போல, வாரச் சந்தைக்கு வந்தவர்கள் ஒரு கைபேசியைச் சூழ்ந்து நின்று தம் மொழியில் தம்மவர் பேசியதைக் கேட்டனர்.