பிரித்தாலும் குறையாத சொத்து

பாகப்பிரிவினை என்றாலே சொத்து சிறுக்கும். பத்து ஏக்கரை இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்துதான். கணினி நிரலின் உலகில் இந்தக் கணக்கு செல்லாது. மூலநிரலை எவரும் எடுத்தாளலாம் என்று உரிமம் சொல்லிவிட்டால், கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர் மொத்த வீட்டையும் தன்னோடு கொண்டுபோகலாம். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு செங்கல்கூடக் குறையாது. பெர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸ் குடும்பத்தின் கதை, இந்த விசித்திரமான பாகப்பிரிவினையின் கதை.

யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்தது ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் அதில் ஏராளமாகச் சேர்த்தும் திருத்தியும் உருவாக்கிய வடிவம் பி.எஸ்.டி. எனப்பட்டது. 1991-இல் பெர்க்லி, ஏ.டி.அண்ட்.டி.க்குச் சொந்தமானவை எனக் கருதிய பகுதிகளை நீக்கிவிட்டு மற்றதைப் பொதுவில் வைத்தது. இயங்குதளத்தின் கருவில் ஆறு கோப்புகள் மட்டுமே மிச்சமிருந்த குறை. வில்லியம், லின் ஜோலிட்ஸ் தம்பதியர் அவற்றைப் புதிதாக எழுதி நிரப்பி, சாதாரண மேசைக் கணினியில் ஓடும் 386பிஎஸ்டியை 1992-இல் வெளியிட்டனர். அதே ஆண்டு ஏ.டி.அண்ட்.டி.யின் துணை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1994 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்க நேர்ந்தவை மூன்றே மூன்று. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் லினக்ஸ் வேரூன்றிவிட்டது. 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்தே இருக்காது என்ற பொருளில் லினஸ் டோர்வால்ட்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார்.

முதல் பிரிவினை பகைமையால் வந்ததல்ல, பொறுமையின்மையால் வந்தது. 386பிஎஸ்டியின் பயனர்கள் பிழைதிருத்தங்களை எழுதிக் குவித்தார்கள். அவற்றை ஏற்று அடுத்த பதிப்பை வெளியிடும் வேகம் ஜோலிட்ஸ் தரப்பில் இல்லை. காத்திருந்து சலித்தவர்கள் 1993-இல் இரு குழுக்களாகப் புறப்பட்டனர். எத்தனை வகைக் கணினி உண்டோ அத்தனையிலும் ஓடவேண்டும் என்றது நெட்பிஎஸ்டி. இன்டெல் செயலி கொண்ட கணினியில் மிகச் சிறப்பாக ஓடினால் போதும் என்றது ஃப்ரீபிஎஸ்டி.

இரண்டாம் பிரிவினைதான் மனிதர்களின் கதை. நெட்பிஎஸ்டியை நிறுவிய நால்வரில் ஒருவர் தியோ டி ராட். கனடாவின் கால்கரி நகரத்துக்காரர். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில் நெட்பிஎஸ்டியை ஓடச்செய்ததில் அவர் உழைப்பு பெரிது. நாக்கும் அதே அளவுக்குக் கூர்மையானது. பயனர்களிடமும் சக நிரலாளர்களிடமும் அவர் நடந்துகொள்ளும் விதம் சகிக்க முடியாததாகிவிட்டது என்று சொல்லி, 1994 டிசம்பரில் மற்றவர்கள் அவரை மையக்குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள். மூலநிரல் களஞ்சியத்தில் எழுதும் உரிமையும் போயிற்று. தன் ஸ்பார்க் வேலையைத் தொடர அந்த உரிமை வேண்டும் என்று அவர் மாதக்கணக்கில் மன்றாடினார், வாதிட்டார், சண்டையிட்டார். நிபந்தனைகள் பேசப்பட்டன, உடன்பாடு வரவில்லை. அந்தக் கடிதப் போக்குவரத்தை அவரே பின்னர் பகிரங்கப்படுத்தினார். அதைப் படிக்கும் எவருக்கும் இரு தரப்பின் மீதும் மாறிமாறி இரக்கம் வரும். தவறு யாருடையது என்று மட்டும் கடைசிவரை தீர்மானிக்க முடியாது.

1995 அக்டோபரில் அவர் ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். அக்காலத்தில் நிரல் திறந்ததாக இருந்தாலும், அது அன்றாடம் மாறிவரும் களஞ்சியத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஒரு சிறு குழுவுக்கே இருந்தது. ஓப்பன்பிஎஸ்டி முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்தது: யாரும், எப்போதும், பெயர்கூடச் சொல்லாமல் எட்டிப்பார்க்கலாம். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவருக்குத்தான் இது தோன்றும் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு அவர்கள் நிரலை வரிவரியாகப் படித்துப் பாதுகாப்புப் பிழைகளைத் தேடத் தொடங்கினர். கனடாவில் இருந்ததும் நன்மையாயிற்று. மறைகுறியாக்க நிரல்களின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்திருந்த கட்டுப்பாடுகள் அவர்களைத் தடுக்கவில்லை. 1999-இல், பின்லாந்தின் டாட்டு யிலோனன் எழுதிய எஸ்.எஸ்.எச். நிரலின் பழைய, தாராள உரிமம் கொண்ட பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் உருவாயிற்று. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய இன்று உலகெங்கும் பயன்படுவது பெரும்பாலும் இதுதான். 2001-இல் மீண்டும் ஒரு உரிமச் சண்டை. ஐபிஃபில்டர் என்ற வலையமைப்பு வடிப்பானை மாற்றியமைத்து வெளியிடத் தன் உரிமம் அனுமதிக்கவில்லை என்று அதன் ஆசிரியர் அறிவிக்க, ஓப்பன்பிஎஸ்டி அதைத் தூக்கி எறிந்தது. அந்த வெற்றிடத்தை டேனியல் ஹார்ட்மையர் புதிதாக எழுதிய பி.எஃப். நிரப்பியது.

மூன்றாம் பிரிவினை 2003-இல், ஃப்ரீபிஎஸ்டியில். இங்கே சண்டைக்குக் காரணம் பூட்டு. ஒரு கணினியில் பல செயலிகள் இருந்தால், இரண்டு செயலிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றிவிடாதபடி பூட்டு வேண்டும். பழைய பதிப்பில் கரு முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே பூட்டு. ஒரு செயலி உள்ளே போனால் மற்றது வாசலில் நிற்கும். ஐந்தாம் பதிப்பில் அதைப் பல சிறு பூட்டுகளாக உடைத்தார்கள். பூட்டுகள் பெருகினால் நிரல் யாருக்கும் புரியாத சிடுக்காகிவிடும் என்றார் மேத்யூ தில்லன். ஒவ்வொரு செயலிக்கும் தனி வேலைப்பரப்பைக் கொடுத்து, செய்தி அனுப்பி ஒன்றோடொன்று பேசவைக்கலாம் என்பது அவர் வழி. வாதம் முற்றி, அவருடைய எழுதும் உரிமை பறிக்கப்பட்டது. அவர் நான்காம் பதிப்பை எடுத்துக்கொண்டுபோய் டிராகன்ஃப்ளை பிஎஸ்டியைத் தொடங்கினார். ஃப்ரீபிஎஸ்டி ஐந்தாம் பதிப்பில் தடுமாறி, 2008-இன் ஏழாம் பதிப்பில் நிமிர்ந்தது. டிராகன்ஃப்ளையும் தன் வழியில் பல செயலிகளில் நன்றாக ஓடிக் காட்டியது. இரண்டு பாதைகளும் ஊருக்குத்தான் போயின.

அப்படியானால் சண்டைகள் எல்லாம் நன்மைக்கே என்று முடித்துவிடலாமா? முடியாது. நிரலைப் பிரதியெடுக்கலாம்; ஆளைப் பிரதியெடுக்க முடியாது. ஒரு வீட்டில் கண்டுபிடித்த பிழையை மற்ற வீடுகளிலும் தனித்தனியே தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஒரே வன்பொருளுக்கான இயக்கியை மூன்று பேர் மூன்று முறை எழுதினார்கள். நால்வரில் இன்னொருவரான சார்லஸ் ஹன்னம், நெட்பிஎஸ்டி தேங்கிப் பொருட்படுத்த வேண்டாத ஒன்றாகிவிட்டது என்று 2006-இல் பகிரங்கமாக எழுதினார். கடினமான ஒருவரை வெளியேற்றிய பிறகும் வீட்டில் அமைதி தங்கவில்லை.

ஒன்றை மட்டும் மறுக்க இயலாது. இன்று நெட்பிஎஸ்டியை நிறுவுகிறவருக்கு ஓப்பன்எஸ்எஸ்எச் அதனுடனேயே வருகிறது. 1994-இல் கதவடைத்து அனுப்பியவரின் குழு செய்த பூட்டுத்தான் இப்போது அந்த வீட்டு வாசலிலும் தொங்குகிறது. அதற்காக அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அவர்களும் அவரிடம் கேட்கவில்லை. உரிமம் அதற்கு இடம் தந்திருந்தது. மனிதர்கள் சமாதானம் ஆனார்களா என்பது வேறு விஷயம்.