மடக்குக்கத்தியின் பூட்டை எவ்வளவு நம்பலாம்?

வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் பொதி பிரிப்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் மின்வயர் சீவுபவருக்கும் மடக்குக்கத்தி கைக்கடக்கமானது. ஊரில் வில்லுக்கத்தி என்போம். பழைய வகையில் அலகை விரித்து வைத்திருப்பது முதுகிலுள்ள வில்லின் இறுக்கம் மட்டுமே. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல்மேல் மடங்கும்.

இதற்கான தீர்வுகளில் ஒன்று 'லைனர் லொக்'. பிடியின் உட்தகட்டில் நாக்குப்போல வெட்டப்பட்ட பகுதி, அலகு விரிந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து அதன் அடிக்கு முட்டுக்கொடுக்கும். இதன் ஆரம்ப வடிவம் 1906இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 1980களில் மைக்கல் வோக்கர் அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு கையால் திறந்து மூடலாம் என்பதே இதன் பெறுமதி. ஆனால் மலிவான கத்திகளில் தகடு மெல்லியது. வாங்குமுன் விரித்துப் பாருங்கள். நாக்கு அலகின் ஓரத்தை மட்டும் தொட்டு நின்றாலோ, எதிர்த்தகடுவரை போய்விட்டாலோ, அலகு ஆடினாலோ வாங்க வேண்டாம். மண்ணும் கடற்காற்றின் துருவும் நாக்கைத் தடுக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முறுக்கி நெம்பினால் பூட்டு விலகலாம்; அந்த வேலைக்கு மடங்காத கத்தியே பொருத்தம். மூடும்போது பெருவிரலை அலகின் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். பூட்டே இல்லை என்று நினைத்துப் பாவிப்பதே பாதுகாப்பு.

இன்னொன்று: 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடைத் தேவாலயத் தாக்குதலின் பின், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் கோரினர்; அன்றாடத் தேவைக்கானவற்றுக்கு விலக்களித்தனர். வேலைக்கத்தி வேலையிடத்திலேயே இருக்கட்டும்.