வளைவின் கால்களைக் கட்டிய உத்திரம்: அகமதாபாத் விடுதிக் கட்டடங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

லூயி கான் செங்கல்லோடு பேசிய கதையைச் சொல்லாமல் அவருடைய அகமதாபாத் வளாகத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கதை இதுதான்: என்ன வேண்டும் என்று செங்கல்லைக் கேட்கிறார். வளைவாக வேண்டும் என்கிறது செங்கல். வளைவுக்குச் செலவு அதிகம், உன் தலைக்கு மேல் ஒரு கான்கிரீட் லிண்டலைப் போட்டுவிடுகிறேன் என்கிறார். அப்போதும் அது வளைவையே கேட்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் முதலாண்டிலேயே கேட்டுவிடும் இந்தக் கதை, இந்திய மேலாண்மைக் கழகத்தின் அகமதாபாத் வளாகத்துக்குத் திறவுகோலாக நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. பொருளின் இயல்புக்குக் கட்டடக்கலைஞர் பணிந்தார், செங்கல் கேட்டதைக் கொடுத்தார், ஆகவே இவ்வளாகம் தூய செங்கல் கட்டுமானத்தின் சாட்சி என்பது அந்த வாசிப்பின் சாரம்.

இவ்வாசிப்பு கட்டடத்தோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கதையில் கான்கிரீட் உத்திரமும் வளைவும் ஒன்றையொன்று விலக்கும் இரு வழிகள். கட்டடத்தில் அவை ஒரே உறுப்பின் இரு பாதிகள். இவ்வேறுபாட்டைக் கட்டுமானத் துறையின் சிறு நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. விடுதிகளை இடிப்பதா காப்பதா என்று 2020 முதல் நடந்துவரும் விவாதத்தில் இரு தரப்பினரும் அறிந்தோ அறியாமலோ இந்தக் கதையின் மீதே நிற்கிறார்கள்.

முகப்பிலிருந்தே தொடங்கலாம். விடுதி ஒன்றின் அகன்ற திறப்பைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தட்டையான செங்கல் வளைவு. அதன் எழுச்சி மிகக் குறைவு. அரைவட்டத்துக்கு அருகில்கூட வராது. வளைவு தொடங்கும் மட்டத்தில் திறப்பின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கிடையாக ஒரு கான்கிரீட் உறுப்பு ஓடுகிறது. அதன் இரு முனைகளும் சாய்வாக விரிந்து, வளைவின் பாதங்களைக் கையில் ஏந்துவதுபோல் பிடித்திருக்கின்றன. பூச்சு எதுவும் இல்லாததால் செங்கல்லின் சிவப்புக்கு நடுவே இந்தச் சாம்பல் நிறப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. அதை லிண்டல் என்று அழைப்பது பிழை. லிண்டல் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும். இங்கே சுமையைத் தாங்குவது வளைவு. கான்கிரீட்டும் அதனுள் இருக்கும் எஃகுக் கம்பியும் செய்வது வேறு வேலை: விலகிப்போகத் துடிக்கும் வளைவின் இரு கால்களையும் சேர்த்துக் கட்டுகின்றன. இதைப் பிணைப்பு உத்திரம் என்று அழைக்கிறேன்.

இந்தக் கட்டு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு எளிய கணக்கு போதும். சீராகப் பரவிய சுமையை ஏற்கும் பரவளைய வளைவின் பக்க உந்து, மொத்தச் சுமையைத் திறப்பின் அகலத்தால் பெருக்கி, எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. எழுச்சி அகலத்தில் பாதி என்றால் உந்து சுமையில் கால் பங்குதான். எழுச்சி அகலத்தில் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால் உந்து மொத்தச் சுமைக்கே சமமாகிவிடும். எடுத்துக்காட்டாக 4 மீட்டர் திறப்பு, 50 செ.மீ. எழுச்சி, மேலே 10 டன் சுமை என்று வைத்துக்கொள்வோம். வளைவு தன் இருபுறச் சுவர்களையும் தலைக்கு 10 டன் விசையோடு வெளியே தள்ளும். செங்கல்லை மட்டும் கொண்டு இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு: பக்கச் சுவரை மிகவும் தடிப்பாக்குவது, அல்லது வளைவை உயர்த்தித் திறப்பைக் குறுக்குவது. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் காற்றும் நிழலும் புகும் இந்த அகன்ற வாய்கள் கிடைத்திருக்காது. செங்கல் தனியாகக் கேட்டிருக்கக்கூடிய வளைவு ஒன்று. அகமதாபாத்தில் நிற்கும் வளைவு வேறொன்று. பின்னது கம்பியைக் கேட்டு வாங்கிய வளைவு.

இனி, கதையைச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாடு. கான் இதைப் பல இடங்களில் வேறு வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார். பரவலாக அறியப்பட்ட வடிவம் 1971-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களிடம் சொன்னது. அவருடைய மகன் நத்தானியல் கான் 2003-இல் வெளியிட்ட ஆவணப்படத்தின் வழியே அது உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அகமதாபாத் பணிக்குக் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் முயற்சியால் அவர் அழைக்கப்பட்டது 1962-இல். ஒன்பது ஆண்டுகள் கழித்து வகுப்பறையில் சொன்ன உவமையை, அதற்கு முன்பே உருவாகிவிட்ட ஒரு கட்டுமான முறைக்கு விளக்கவுரையாக வைப்பதில் தயக்கம் வேண்டும். அந்த உவமை அகமதாபாத் அனுபவத்திலிருந்தே பிறந்திருக்கலாம். அதை மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆனால் அப்படிப் பிறந்திருந்தாலும், அது கற்பிப்பதற்காகச் சுருக்கிச் சொல்லப்பட்டது. அந்தச் சுருக்கத்தில் விடுபட்டது பிணைப்பு உத்திரம்.

காலவரிசையைவிட எனக்கு வலுவாகப் படுவது கதைக்குள் இருக்கும் பொருளாதாரம். வளைவுக்குச் செலவு அதிகம், கான்கிரீட் மலிவு என்கிறது கதை. அது எந்த ஊர்க் கணக்கு? கொத்தனாரின் கூலி மிகுந்தும், சிமெண்டும் எஃகும் தாராளமாகக் கிடைத்தும் வந்த அமெரிக்காவின் கணக்கு. 1960-களின் இந்தியாவில் நிலைமை தலைகீழ். சிமெண்டும் எஃகும் தட்டுப்பாட்டிலும் அரசுக் கட்டுப்பாட்டிலும் இருந்தன. செங்கல் உள்ளூர்ச் சூளையில் கிடைத்தது. அதை அடுக்கத் தெரிந்த கைகள் ஏராளமாக இருந்தன. இங்கே மலிவு வளைவு. விலை உயர்ந்தது கான்கிரீட். அப்படியென்றால் கான் செங்கல்லின் பிடிவாதத்துக்குப் பணிந்து செலவைப் பொறுத்துக்கொண்டார் என்ற சித்திரம் இந்த வளாகத்துக்குப் பொருந்தாது. அரிய பொருளை, மலிவான பொருளால் எவ்விதத்திலும் செய்ய முடியாத ஒரே வேலைக்கு, அதாவது இழுவிசையைத் தாங்குவதற்கு, அளந்து செலவிட்டிருக்கிறார்கள். அமுக்குவிசை முழுவதும் செங்கல்லின் பங்கு, இழுவிசை முழுவதும் கம்பியின் பங்கு. நான் கட்டடத்தில் காணும் சிந்தனை இது. செங்கல் கதையைவிட இதுவே எனக்கு ஆழமானதாகப் படுகிறது. வளைவு கட்ட மரச்சாரம் வேண்டுமே, அதற்கும் செலவுதானே என்று கேட்கலாம். ஒரே அளவுச் சாரத்தைத் தளம் தளமாக மாற்றி மாற்றி வைத்துக் கட்டும் வேலையில் அந்தச் செலவு பெரிதாக நிற்காது.

பிணைப்பு உத்திரம் கானின் எண்ணமே அல்ல, களத்தில் இருந்த பொறியாளர்கள் செய்த திருத்தம் என்று ஒரு மறுப்பு உண்டு. கான் பிலடெல்ஃபியாவில் இருந்தார், அவ்வப்போது வந்துபோனார் என்பதும், தோஷியும் பின்னர் அனந்த் ராஜேயும் களத்தில் பெரும்பொறுப்பு வகித்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் யாருடைய கையிலிருந்து முதலில் வந்தது என்பது இங்கே முடிவான கேள்வி அன்று. திருத்தமாக வந்த உறுப்பு என்றால் அதை மறைத்திருப்பார்கள்; செங்கல் வரிசைக்குப் பின்னால் கம்பியைப் புதைப்பது கொத்தனாருக்கு அரிய வேலையன்று. இங்கோ அது முகப்பின் முன்வரிசையில், முனை விரித்து, வளாகம் முழுதும் திரும்பத் திரும்ப வருகிறது. பண்டை ரோமின் செங்கல் வளைவுகளை முன்மாதிரியாகக் காட்டுவோரும் உண்டு. ரோமானியத் தடிப்புச் சுவர்கள் பக்க உந்தைத் தம் எடையாலேயே விழுங்கிவிடும். அவற்றுக்கு இத்தகைய கட்டு தேவைப்படவில்லை. வடிவ ஒற்றுமையைத் தாண்டி அந்த ஒப்பீடு நகர்வதில்லை.

இந்த அகன்ற திறப்பு எதற்காகத் தேவைப்பட்டது? விடுதியின் அமைப்பு இதற்கு விடை சொல்கிறது. நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகளை அடுக்கும் வழக்கமான முறையைக் கான் தவிர்த்தார். ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ பத்து அறைகள் ஒரு படிக்கட்டையும் தேநீர் அறையையும் சுற்றிக் கூடி நிற்கின்றன. விடுதிகள் தென்மேற்குக் காற்றை வாங்கும்படி 45 பாகை திருப்பி நிறுத்தப்பட்டுள்ளன. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு வளர்ந்த இக்கழகம், ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை மேசையில் வைத்து மாணவர்கள் வாதிட்டுக் கற்கும் முறையை மேற்கொண்டது. அம்முறையில் வகுப்புக்கு முந்தைய இரவு வகுப்பைப் போலவே முக்கியம். அந்த இரவு நடப்பது விடுதியில். ஆக, படிக்கட்டின் தலைப்பில் பத்துப் பேர் நின்று பேசும் இடம் இவ்வளாகத்தில் ஒரு வகுப்பறைக்கு நிகரான கல்வி இடம். அந்த இடத்துக்கு வெயில் கொளுத்தும் ஊரில் ஆழமான நிழலும் குறுக்கே ஓடும் காற்றும் வேண்டும். அவற்றுக்கு அகன்ற வாய் வேண்டும். அகன்ற வாய்க்குத் தட்டையான வளைவும், அதன் கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பியும் வேண்டும். கட்டுமானத்தையும் கல்வி முறையையும் இணைக்கும் சங்கிலி இதுதான். முந்தைய வாசிப்பு பொருளின் தூய்மையில் மனம் ஊன்றியதால் இதைத் தவறவிட்டது.

இடிப்பு விவாதத்துக்கு வருகிறேன். 18 விடுதிகளில் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக 2020 டிசம்பரில் கழகம் அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து எழுந்த எதிர்ப்பால் 2021 சனவரி 1 அன்று அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது; 2022 நவம்பரில் மறுகட்டுமான முடிவு மீண்டும் வெளியானது. செங்கல்லின் தரக்குறைவு, நீர்க்கசிவு, 2001 சனவரி 26 நிலநடுக்கத்தின் பாதிப்பு, குடியிருப்போரின் பாதுகாப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. பாதுகாப்பைப் பற்றிய கவலையை நான் சிறிதும் இலேசாக எண்ணவில்லை. இளைஞர்கள் உறங்கும் கட்டடம் அது. ஆனால் இவ்வாதம் நிற்கும் தளத்தைக் கவனிக்க வேண்டும். கட்டடம் என்பது செங்கல், செங்கல் கெட்டுவிட்டது, ஆகவே கட்டடம் கெட்டுவிட்டது. கட்டடத்தைக் காக்க வேண்டும் என்போரோ இதையே திருப்பிச் சொல்கிறார்கள்: கட்டடம் என்பது செங்கல், அது மேதையின் செங்கல், ஆகவே தொடக்கூடாது. இருவருக்கும் அடியில் கிடப்பது அதே உவமைதான்.

பிணைப்பு உத்திரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. பூச்சற்ற செங்கல் சுவர் மழைநீரை உறிஞ்சும். அந்த ஈரம் கான்கிரீட்டைத் துளைத்துக் கம்பியை அடைந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் உறையைப் பிளந்து அருகிலிருக்கும் செங்கல்லையும் விரிசல் காணச் செய்யும். அதோடு கம்பியின் குறுக்களவு குறையக் குறைய வளைவின் கால்கள் விலகத் தொடங்கும். மேலே உள்ள சுவரில் இன்னும் விரிசல் விழும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இவை அனைத்தும் செங்கல்லின் நோயாகவே தோன்றும். எல்லா விரிசலும் இவ்வாறே வந்தன என்று நான் கூறவில்லை. தரங்குறைந்த செங்கல்லும் சாந்தும் இருக்கும் இடங்கள் இருக்கவே செய்யும். ஆனால் செங்கல் கெட்ட சுவருக்கும், கம்பி கெட்டதால் விரிந்த சுவருக்கும் மருத்துவம் ஒன்றன்று. பின்னதில் கான்கிரீட் உறையைத் திறந்து, கம்பியைத் துலக்கி அல்லது மாற்றி, மூடிவிட முடியும். அதுவரை வளைவை முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். இழுவிசை உறுப்பு முகப்பில் வெளிப்பட்டு நிற்பதால் எட்டிப் பிடிக்கவும் எளிது. அகமதாபாத்தில் பல மாடிக் கான்கிரீட் கட்டடங்களைச் சாய்த்த 2001 நிலநடுக்கத்தில் இவ்விடுதிகள் இடிந்து விழவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகைய பழுதுபார்ப்பு ஏட்டுச் சாத்தியம் மட்டும்தான் என்று ஒதுக்க முடியாது. இதே வளாகத்தில், இதே செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு எழுந்த விக்ரம் சாராபாய் நூலகம், பிருந்தா சோமையாவின் சோமையா அண்டு கலப்பா நிறுவனத்தால் புதுப்பிக்கப்பட்டு, 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றைப் பெற்றது. நூலகம் ஒரே கட்டடம், விடுதிகளோ பல, செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். கான் விடுதிகளை ஒரே முறையில் திரும்பத் திரும்ப அமைத்திருக்கிறார். ஒரு வளைவின் கட்டை அவிழ்த்து மாட்டக் கற்ற கொத்தனாருக்கு அடுத்த வளைவு புதிதல்ல.

ஆகவே 18 விடுதிகளுக்கும் சேர்த்து ஒற்றைத் தீர்ப்பு எழுதும் முன் செய்ய வேண்டிய ஆய்வு இது: ஒவ்வொரு பிணைப்பு உத்திரத்துக்கும் எண் கொடுத்து, கம்பியின் மிச்சக் குறுக்களவை அளந்து, வளைவின் பாதங்கள் எத்தனை மில்லிமீட்டர் விலகியுள்ளன எனக் குறித்து, அந்தப் பட்டியலைப் பொதுவில் வைப்பது. எந்த உத்திரம் இன்னும் வளைவின் கால்களைப் பிடித்திருக்கிறது, எது கைவிட்டது என்பதை அப்போது விடுதி விடுதியாகச் சொல்லலாம்.