செப்பேட்டு ராகமும் இசைக்கோப்பின் குறிப்பும்

திருமலைக் கோயிலில் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர் பெற்ற சிறிய கல் அறை ஒன்று உண்டு. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள் பொறிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் பல நூற்றாண்டுகள் அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. மரபு 32,000 கீர்த்தனைகள் என்கிறது. எஞ்சியவை 12,000க்கு மேல். 16ஆம் நூற்றாண்டில் மகன் பெத்த திருமலாசாரியாரும் அவர் வழிவந்தோரும் இவற்றைச் செம்பில் பொறிக்கச் செய்தனர். ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் ராகத்தின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை.

ராகப் பெயரோடு குறிப்பு முடிந்துவிடவில்லை. பாடல்கள் அத்யாத்மம், சிருங்காரம் என இரு வகையாகப் பிரித்து வைக்கப்பட்டன. சக ஆண்டு 1346, குரோதி வருடத்தில் பதினாறு வயதில் பாடத் தொடங்கியதும், சக ஆண்டு 1424, துந்துபி வருடப் பங்குனித் தேய்பிறைத் துவாதசி வரை பாடியதும் ஏட்டின் முகப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. ஆசிரியர், காலம், வகை, ராகம் ஆகிய இந்நான்கையும் இன்று கணினித் துறையினர் மீத்தரவு என்பர். பாடலைப் பற்றிய தகவல் பாடலோடு ஒரே உலோகத்தில் இணைந்திருந்தது.

ஏ. டி. கேம்பெல் 1816இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலில் இச்செப்பேடுகளைக் குறிப்பிடுகிறார். அவர் நாடியவை இலக்கண நூல்கள். பெரும்பகுதி துதிப்பாடல்களாக இருந்தமையால் அவரது அக்கறை மேற்செல்லவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1922ஐ ஒட்டி, கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் முயற்சியால் ஏடுகள் கவனத்துக்கு வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் பாடம் படித்துப் பதிப்பித்தனர். அதற்குள் பெரும்பாலான பாடல்களின் மெட்டு வழக்கிழந்துவிட்டது. இசை அழிந்து, இசையைப் பற்றிய குறிப்பு மட்டும் எஞ்சிய அரிய நிலை இது.

எனவே மெட்டுகள் புதிதாக அமைக்கப்பட்டன. ராள்ளபள்ளி தொடங்கிவைத்த பணியை நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் தொடர்ந்தனர். 1978இல் திருப்பதியில் தேவஸ்தானத்தின் அன்னமாச்சாரியார் திட்டம் உருவானது. செப்பேட்டு ராகத்தையே எல்லோரும் பின்பற்றவில்லை. ‘நானாடி பதுகு’ என்னும் பாடலுக்குச் செப்பேடு தருவது முகாரி. நெடுநூரி அமைத்ததும் இன்று மேடைகளில் ஒலிப்பதும் ரேவதி. இதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் ராகம் என்ற ஒரே தலைப்பின்கீழ் இனி இரு விடைகள் உள்ளன. ஒன்று 16ஆம் நூற்றாண்டின் சான்று, மற்றொன்று 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம்.

இப்பாடல்கள் ஒலிநாடாவிலிருந்து எம்பி3 கோப்புகளுக்கு மாறியபோது இச்சிக்கல் புதிய வடிவம் பெற்றது. எம்பி3 வடிவம் தன்னுள் பாடலின் பெயரைக்கூடத் தாங்குவதற்கு வழி செய்யவில்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை ஒட்டும் முறையை வகுத்தார். அதுவே ஐடி3. அடையாளச் சொல்லுக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, கருத்துக்கு 30, இசைவகைக்கு 1. முதலில் வகுக்கப்பட்ட 80 இசைவகைகளில் கர்நாடக இசை இல்லை. ராகத்துக்கென இடமும் இல்லை.

முப்பது பைட்டு ஆங்கிலத்துக்கு முப்பது எழுத்து. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ், தெலுங்குக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘அன்னமாச்சாரியார்’ என்னும் சொல்லில் 16 குறியீடுகள், அதாவது 48 பைட்டுகள். முப்பதில் அது ‘அன்னமாச்சா’ என்று நின்றுவிடும். எழுத்துமுறை பற்றிய ஒரு முன்முடிவு எவ்வாறு ஆவணத்தையே குறைக்கும் என்பதற்கு மொழியியல் மாணவர்க்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

1998இல் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு இந்த எல்லையை நீக்கியது. 2000இல் வெளியான 2.4 யூடிஎஃப்-8ஐயும் ஏற்றது. இசையமைத்தவர், பாடல் எழுதியவர், பாடியவர் ஆகியோர்க்குத் தனித்தனி இடங்கள் கிடைத்தன. ஆயினும் இசையமைத்தவர் என்ற இடத்தில் அன்னமாச்சாரியார் வருவாரா, நெடுநூரி வருவாரா? சுருதிக்கான இடம் மேலை இசையின் மூன்று எழுத்துக் குறிக்கு மேல் ஏற்பதில்லை. ராகம் அதில் அடங்காது, அதன் பொருளும் வேறு. பெயர்களிலும் இதே இடர் உண்டு. புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் (1898–1975) பெயரில் முன்னிற்பது ஊர், பின்னிற்பது சாதிப்பட்டம். கடைச்சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மென்பொருள் அவரை ‘பிள்ளை’ என்பதன்கீழ் வரிசைப்படுத்தும்.

இக்குறிப்புகளைத் திருத்தக் கட்டளை வரிக் கருவிகள் பல உள்ளன. எம்பி3க்கு ஐடி3வி2, மிட்3வி2, ஐடி3 (கண் என்னும் பொருள்பட ‘ஐ’) போன்றவை. ஃபிளாக் வடிவத்துக்கு மெட்டாஃபிளாக். ஒரு கோப்புறையிலுள்ள ஆயிரம் கோப்புகளின் கலைஞர் பெயரை ஒரே வரியில் மாற்றிவிடலாம். எழுத்துக்கூட்டல் ஒழுங்கற்றிருக்கும் தொகுப்புகளுக்கு இது பெரும் உதவி. ஆபத்தும் அதே ஆற்றலில்தான் உள்ளது. ‘முகாரி’ என்றிருந்ததைத் தவறெனக் கருதி ‘ரேவதி’ என மொத்தமாக மாற்றினால், பழைய மதிப்பு எங்கும் எஞ்சாது. யார், எப்போது, எதன் அடிப்படையில் மாற்றினார் என்பதைக் குறிக்கும் வழக்கமும் ஐடி3இல் இல்லை. செப்பேட்டில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினால் தழும்பாவது இருக்கும்.

தீர்வு கருவிகளிலேயே இருக்கிறது. மெட்டாஃபிளாக் எல்லாக் குறிப்புகளையும் முதலில் ஓர் உரைக்கோப்பாக வெளியே எழுதும். திருத்திய பின் மீண்டும் ஏற்றும். முன்னதைப் பத்திரப்படுத்தினால் பாடபேதம் காக்கப்படும். ஃபிளாக் பயன்படுத்தும் வோர்பிஸ் குறிப்புமுறையில் புலத்தின் பெயரைப் பயனரே சூட்டலாம். ஒரே புலத்துக்குப் பல மதிப்புகளும் தரலாம். ஐடி3இலும் பயனர் வரையறுக்கும் உரைப்புலம் உண்டு. ஆகவே ‘செப்பேட்டு ராகம்: முகாரி’, ‘பாடிய ராகம்: ரேவதி’, ‘மெட்டு: நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி’ என மூன்றையும் பிரித்தே எழுத முடியும்.

பதிப்பாசிரியர் ஒருவர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தராமல் மூலத்தை மாற்றினால் ஆய்வுலகம் அதை ஏற்காது. இசைக்கோப்பின் குறிப்பைத் திருத்துவோரும் பதிப்பாசிரியரே. மெட்டு மறைந்த பின்னும் அன்னமாச்சாரியாரின் ராகத் தேர்வு இன்று அறியப்படுகிறதென்றால், பாடலுக்கு மேல் ஒரு சொல்லைப் பொறித்தவர்கள் அதைத் தேவையற்றதென்று விட்டுவிடாததே காரணம்.