ரீபிரிண்ட் கார்டு காலமானது

மனநல ஆராய்ச்சியை இத்தனை காலம் சுமந்த ரீபிரிண்ட் கார்டுக்கு யாரும் இரங்கல் எழுதவில்லை. இறந்த தேதியும் துல்லியமாகத் தெரியாது. 1997இல் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தபோது படுத்தது. 1879இல் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற, மருத்துவக் கட்டுரைகளின் தடித்த அட்டவணை 2004 டிசம்பரோடு அச்சை நிறுத்தியது. அதற்கு மேல் கார்டு எழுந்திருக்கவில்லை.

பார்க்க வெறும் அஞ்சலட்டைதான். உங்களுடைய இன்ன கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பினால் நன்றியுடையவனாவேன் என்று அச்சடித்திருக்கும். தலைப்பு, இதழ், ஆண்டு எழுத வெற்றுக்கோடு. ஆய்விதழ்களின் பொருளடக்கங்களைத் தொகுத்து வாராவாரம் வந்த கரன்ட் கன்டென்ட்ஸில் கட்டுரையாளரின் முகவரி கிடைக்கும். அவர் தன் கட்டுரையை மட்டும் தனியே அச்சடித்த பிரதிகளை, பெரும்பாலும் காசு கொடுத்து, வாங்கி வைத்திருப்பார். கேட்டவருக்குத் தன் தபால் செலவிலேயே அனுப்புவார்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் போன்ற ஊரில் இருந்த மருத்துவருக்கு இது சலுகையல்ல, நூலகம். பக்கத்துக் கல்லூரி என்றால் பாளையங்கோட்டையில் 1965இல் வந்த திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. தூத்துக்குடிக்குக் கல்லூரி வந்தது 2000இல். அப்போது கார்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. சென்னையில் 90 ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் தாராவும் அவர் குழுவும் பத்தாண்டு முடிவுகளை 1994இல் வெளியிட்டது கோபன்ஹேகனிலிருந்து வந்த ‘ஆக்டா சைக்கியாட்ரிக்கா ஸ்காண்டிநேவிகா’ இதழில். நம்மூர் நோயாளிகளைப் பற்றி நாம் படிக்க, திருச்செந்தூருக்கு மதுரை வழியாகப் போகிற கதைதான். அந்தச் சுற்றைக் குறைத்தது கார்டு.

மனநலத் துறைக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. இங்கே பெரும்பாலான நோய்களை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. கேள்விப் பட்டியல்தான் கருவி. மேக்ஸ் ஹாமில்டனின் மனச்சோர்வு அளவுகோல் 1960இல் கட்டுரையாகவே வந்தது. கட்டுரை கையில் கிடைத்தால் கருவியும் கிடைத்த மாதிரி. மறதி நோயைச் சோதிக்கும் ‘மினி மென்டல்’ தேர்வும் 1975இல் அப்படித்தான் ஓர் ஆய்விதழில் வெளியாகி, உலகம் முழுக்க நகலெடுத்துப் புழங்கியது. 2001இல் அதன் உரிமை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் போனது. இன்று அதைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். கார்டு செத்ததைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

பழைய ஏற்பாடு பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். தபால் மாதக்கணக்கில் வரும், பாதி வராமலே போகும். அதற்குள் நோயாளி வேறு டாக்டரிடம் போயிருப்பார். ஆனால் கேட்டவருக்கு அனுப்புவது எழுதியவரின் கடமை என்று இரண்டு பக்கத்தாரும் நினைத்தார்கள். தன் கட்டுரையை யார் படித்தார், எந்த ஊரில் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பல இதழ்களில் படிப்பவர் காசு கட்ட வேண்டும். இல்லையென்றால் எழுதியவர் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும்.

2025இல் இந்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்தது: மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரிகளுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் நல்ல காரியம். சாத்தான்குளம் கடைத்தெருவில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் போட்டுத்தான் கேட்க வேண்டும். பலர் அனுப்பியும் விடுகிறார்கள், பதிப்பகத்தைக் கேட்காமல்.