அரங்கேற்று காதையும் ஆய்வு மாணவரும்

முதுகலை வகுப்பில் எங்களுக்குச் சிலம்பு கற்பித்தவர், அரங்கேற்று காதையின் யாழ், குழல் பகுதிகளை இசைவாணர்க்கு உரியன என்று கடந்து சென்றார். இசை பயின்ற தோழியரோ அடியார்க்குநல்லாரின் பெயரையும் அறியார்.

அவ்வுரையோடு சிலம்பை உ.வே.சா. 1892இல் அச்சேற்றினார். அதன் இசைக் குறிப்புகளுக்குள் புகுந்தவர்கள், வியப்பு என்னவெனில், வேறு துறையினர். 'கருணாமிர்த சாகரம்' (1917) தந்த ஆபிரகாம் பண்டிதர் மருத்துவர். விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது, மறுமாதமே அடிகள் மறைந்தார். பாடகராகிய எஸ். இராமநாதன் சிலம்பின் இசையை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில்!

இன்று என் மாணவி ஒருத்தி வீணையை அருகில் வைத்துக்கொண்டு அக்காதையைப் பயில்கிறாள். சுருதி அறிந்த இணை நெறியாளர்தாம் அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.